தொழுகைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?





"தொழ ஆசைதான், ஆனால் தொழ இடம் எங்கே இருக்கிறது?" என்ற பேச்சு இன்று நம்மவரிடையே சகஜமாகிவிட்டது. பெங்களூரில் ஒற்றை அறையில் குடியிருப்பவர் சொல்கிறார். சென்னைத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் வாலிபர் சொல்கிறார். வளைகுடா நாட்டில் அடுக்குக் கட்டிலில் ஒரு தட்டை மட்டும் தமக்கென்று வைத்திருக்கும் உழைப்பாளி சொல்கிறார். கூடத்தில் தொலைக்காட்சியும், அடுக்களையில் புகையும், படுக்கையறையில் பிள்ளைகளும் நிறைந்திருக்க, நம் தாய்மார்களும் சொல்கிறார்கள். இவர்கள் யாரையும் நாம் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. நெருக்கடி உண்மையானதுதான். அந்த நெருக்கடிக்கு மார்க்கம் என்ன வழி சொல்கிறது என்பதே நம் கேள்வி.

அதற்கு முன் ஒகேனக்கலைச் சற்று நினைத்துப் பாருங்கள். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், காவிரித்தாய் கர்நாடகத்திலிருந்து தமிழகத்திற்குள் இறங்கும் இடம் அது. நீர் பாறையில் மோதிப் புகையாய் எழுவதால் கன்னடத்தில் 'புகையும் கல்' என்னும் பொருளில் ஒகேனக்கல் என்று பெயர் வந்தது. நகரத்து இரைச்சலில் அலுத்துப்போன மக்கள் ஞாயிற்றுக்கிழமையானால் பெங்களூரிலிருந்தும், சேலத்திலிருந்தும், சென்னையிலிருந்தும் அங்கே வருகிறார்கள். எதற்கு என்று கேட்டால், "மனசுக்கு ஒரு அமைதி வேணும்" என்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள், அருவியில் குளிக்கிறார்கள், பரிசலில் போகிறார்கள், வறுத்த மீனோடு சோறு உண்கிறார்கள். எல்லாம் ஹலாலான இன்பங்கள்தாம். நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் நம் கூட்டத்தார் பலரிடம் அங்கே நடப்பது என்ன? எண்ணெய்க் குளியலில் ளுஹர் வந்து நிற்கிறது. பரிசலில் அஸர் நழுவுகிறது. திரும்பும் பஸ்ஸில் மஃரிபும் போய்விடுகிறது. கேட்டால் அங்கேயும் அதே பதில்: "தொழ இடமில்லை!" கண்ணுக்கெட்டிய தூரம் பாறையும் மரநிழலும் இருக்கிற இடத்தில், ஓடும் ஆறு ஒளுவுக்கென்றே அருகில் நிற்கிற இடத்தில் இந்தப் பதில்!

அறையில் இருந்தபோது இடமில்லை. அகன்ற பூமிக்கு வந்தபோதும் இடமில்லை. அப்படியானால் நம்மிடம் இல்லாதது இடந்தானா? சிந்திக்க வேண்டுகிறோம்.

பகலில் பாய், இரவில் அறை

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லம் மாளிகையல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை எவ்வளவு என்பதை அன்னையே சொல்லியிருக்கிறார்கள். இரவில் நபியவர்கள் தொழும்போது அன்னையவர்கள் எதிரே படுத்திருப்பார்கள். அவர்களின் கால்கள் நபியவர்கள் ஸஜ்தாச் செய்யும் இடம்வரை நீண்டிருக்கும். நாயகம் ஸஜ்தாவுக்கு வரும்போது மெல்லத் தொட்டு உணர்த்துவார்கள். அன்னை காலை மடக்கிக்கொள்வார்கள். நாயகம் எழுந்ததும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கும் இல்லை என்று அன்னையவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். இது புகாரி ஷரீஃபில் பதிவான செய்தி.

ஒருவர் படுத்தால் மற்றவர் ஸஜ்தாச் செய்ய அவர் காலை மடக்க வேண்டும். அவ்வளவுதான் இடம்! இரு உலகங்களின் தலைவர் தஹஜ்ஜுத் தொழுத இடம் அது. ஒற்றை அறையில் குடியிருக்கும் சகோதரரே, உங்கள் அறை அதைவிடச் சிறியதா?

அதே புகாரி ஷரீஃபில் அன்னையவர்கள் இன்னொரு செய்தியும் தருகிறார்கள். நபியவர்களிடம் ஈச்ச ஓலைப் பாய் ஒன்று இருந்தது. பகலில் அதை விரித்து அமர்வார்கள். இரவில் அதையே மறைப்பாக நிறுத்தி ஒரு சிறு அறைபோல் ஆக்கிக்கொண்டு, அதற்குள் நின்று தொழுவார்கள். பொழுது விடிந்தால் அறை மீண்டும் பாயாகிவிடும். கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கூலி இல்லை.

இதற்கு முன்னால் நபியவர்கள் தனித்திருந்த இடம் ஹிரா குகை. சில நாட்களுக்கு வேண்டிய உணவை எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து மீண்டும் எடுத்துச் செல்வார்கள். அங்கேதான் வஹீ வந்தது. ஆனால் தம் உம்மத்தார்க்கு அவர்கள் கற்பித்த வணக்கம் மலையேறும் வணக்கமன்று, ஐவேளைத் தொழுகை. மனைவி மக்கள் உறங்கும் வீட்டிற்குள்ளேயே, ஒரு பாயின் மறைப்பில், ஹிராவின் தனிமையை அவர்கள் கண்டுகொண்டார்கள். நகரத்தில் வாழ்பவனுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேறு என்ன வேண்டும்? அமைதியைத் தேடி ஆண்டுக்கு ஒருமுறை அருவிக்குப் போகலாம். ஆனால் நாளுக்கு ஐந்து முறை போக ஓர் இடம் வீட்டிற்குள் வேண்டாமா?

ஏழு உறுப்புகளின் அளவு

அந்த இடம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? அதற்கும் அளவுகோல் ஹதீதிலேயே இருக்கிறது. ஏழு உறுப்புகள் மீது ஸஜ்தாச் செய்யுமாறு தாம் ஏவப்பட்டதாக நபியவர்கள் அருளியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மூக்கோடு சேர்ந்த நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள். இந்த ஏழும் படியும் இடம் போதும். தோள் அகலத்தோடு சற்றுக் கூட்டி இரண்டே கால் அடி. பாதத்திலிருந்து நெற்றிவரை நான்கடி. கடைகளில் கிடைக்கும் முஸல்லாவும் ஏறக்குறைய இந்த அளவுதான். ஒரு கட்டில் பிடிக்கும் இடத்தில் பாதிகூட இல்லை.

இதிலும் சிறியதை நபியவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'கும்ரா' என்னும் சிறு ஓலைப் பாயின் மீது அவர்கள் தொழுததை அன்னை மைமூனா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முகமும் கைகளும் வைக்கும் அளவுக்கே அது இருக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். கையில் எடுத்துச் செல்லத் தக்க பொருள் அது.

பாயைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஒன்று, அது மெத்தையாக இருக்கக் கூடாது. நெற்றி தரையின் உறுதியை உணர்ந்து நிலைபெற வேண்டும் என்பது சட்டம். அமுக்க அமுக்க உள்ளே போகும் பஞ்சு மெத்தையில் நெற்றி நிலைபெறாவிட்டால் ஸஜ்தா கூடாது என்று ஹனஃபி நூல்களில் காண்கிறோம். "இடமில்லை, கட்டில் மெத்தையிலேயே தொழுதுவிட்டேன்" என்போர் இதை நினைவில் கொள்ளட்டும். இக்காலத்தில் பஞ்சும் நுரையும் வைத்துத் தைத்த கனத்த முஸல்லாக்கள் வருகின்றன. அவற்றைவிட மெல்லியதே நல்லது, சுருட்டவும் எளிது.

இரண்டு, கோலம் குறைவாக இருக்க வேண்டும். அபூஜஹ்மு (ரலி) அன்பளிப்பாகத் தந்த பூவேலைப் போர்வையை அணிந்து நபியவர்கள் தொழுதார்கள். தொழுது முடித்ததும் அதை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அவரிடமிருந்து வேலைப்பாடில்லாத சாதாரணப் போர்வை ஒன்றை வாங்கிவரச் சொன்னார்கள். அந்தப் பூவேலை தம் தொழுகையில் கவனத்தை இழுத்தது என்பதே காரணம். நாயகத்தின் கவனத்திற்கே அப்படியென்றால், நம் நிலை என்ன? மினாராக்களும், தோரணங்களும், சரவிளக்குகளும் நெய்த முஸல்லாவில் நின்றால், நம் கண் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கும். நாவு ஃபாத்திஹாவை ஓதிக்கொண்டிருக்கும்.

மூன்று, பிறர் நாட்டுப் பொருள்தான் வேண்டும் என்பதில்லை. தாமிரபரணிக் கரையைச் சார்ந்த பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் கோரைப்புல்லைக் கீறி, ஊறவைத்து, சாயமிட்டு, பட்டுப்போல் பாய் நெய்கிறார்கள். மடித்தாலும் ஒடியாத மெல்லிய பாய்கள் அவை. நம் சகோதரிகளின் கைப்பாட்டில் நெய்த கோரைப்பாயில் ஸஜ்தாச் செய்வதில் ஒரு தனி பரக்கத் இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

வீட்டில் ஒரு மூலை

இனி, வீட்டிற்குள் அந்தப் பாய் எங்கே விரியும் என்பதைப் பார்ப்போம்.

இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்னும் அன்சாரித் தோழர் தம் கூட்டத்தாருக்கு இமாமாக இருந்தவர். பார்வை மங்கியது. மழை பெய்தால் அவருக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் ஓடும். அவர் நாயகத்திடம் வந்து, தம் வீட்டிற்கு வந்து ஓரிடத்தில் தொழுது தரவேண்டும், அதையே தம் தொழும் இடமாக வைத்துக்கொள்வதாகக் கேட்டார். மறுநாள் நபியவர்கள் அபூபக்ரு (ரலி) அவர்களோடு போனார்கள். உட்காருவதற்கு முன்பே, வீட்டில் எந்த இடத்தில் தொழவேண்டும் என்று விரும்புகிறீர் என்று கேட்டார்கள். அவர் ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினார். அங்கே இரண்டு ரக்அத் தொழுதார்கள்.

விருந்துக்கு வந்தவர்கள் உணவைக் கேட்கவில்லை. தொழும் மூலையைக் கேட்டார்கள். நம் வீட்டிற்கு நாயகம் வந்து அப்படிக் கேட்டிருந்தால், நாம் எந்த மூலையைக் காட்டுவோம்? காட்ட ஒரு மூலை இருக்கிறதா? தொலைக்காட்சிக்கு ஒரு சுவர் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிக்கு ஒரு மூலை இருக்கிறது. காலணிக்குக்கூட ஒரு அலமாரி இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இத்பான் (ரலி) அவர்களின் செய்தியை வைத்துக்கொண்டு, "வீட்டில் மூலை ஒதுக்கிவிட்டேன், இனிப் பள்ளிவாசலுக்கு ஏன் போகவேண்டும்?" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கண் தெரியாத மற்றொரு தோழர், அழைத்துச் செல்ல ஆளில்லை என்று சொல்லி வீட்டில் தொழ அனுமதி கேட்டார். முதலில் அனுமதித்த நபியவர்கள், அவர் திரும்பும்போது மறுபடி அழைத்து, பாங்கொலி கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றார். அப்படியானால் அதற்குப் பதில் தந்து வாரும் என்றார்கள். இது முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. வெள்ளம் குறுக்கே ஓடியவருக்கு ஒரு வழி. பாங்கு காதில் விழுந்தவருக்கு ஒரு வழி. நம் தெருவில் வெள்ளமும் இல்லை, நம் கண்ணும் மங்கவில்லையென்றால் பர்ளுக்குப் பள்ளிவாசல்தான்.

அப்படியானால் வீட்டு மூலை யாருக்கு, எதற்கு? நம் பெண்மக்களின் எல்லாத் தொழுகைக்கும், நோயாளிக்கும், முதியவருக்கும் அது வேண்டும். ஆண்களின் ஸுன்னத்துக்கும் நஃபிலுக்கும் தஹஜ்ஜுதுக்கும் திக்ருக்கும் ஓதலுக்கும் அது வேண்டும். பர்ளு அல்லாத தொழுகைகளில் சிறந்தது வீட்டில் தொழுவது என்று நபியவர்கள் அருளியதை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வீடுகளைக் கப்ருகளாக்கிவிடாமல் தொழுகையில் ஒரு பங்கை அங்கே வையுங்கள் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பும் இருக்கிறது. பிர்அவ்னின் நாட்டில் நெருக்கடியில் இருந்த பனூ இஸ்ராயீல் மக்களுக்கு, தங்கள் வீடுகளையே தொழும் இடமாக்கித் தொழுகையை நிலைநாட்டுமாறு மூஸா நபி, ஹாரூன் நபி (அலை) வழியாகக் கட்டளை வந்ததை யூனுஸ் சூராவில் காண்கிறோம். அந்த நெருக்கடியைவிடவா நம் வாடகை வீட்டு நெருக்கடி பெரிது?

இடம் சுத்தமாக இருக்க வேண்டுமே தவிர, புதிதாக இருக்கவேண்டியதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) அவர்கள் நபியவர்களை உணவுக்கு அழைத்தார்கள். உண்டபின் தொழுகை நடத்த நாயகம் எழுந்தார்கள். வீட்டில் இருந்தது நாள்பட்டுக் கறுத்துப்போன ஒரு பாய். அனஸ் (ரலி) அதில் தண்ணீர் தெளித்தார்கள். அந்தக் கறுத்த பாயில் நாயகம் நின்றார்கள். அனஸும் ஓர் அனாதைச் சிறுவரும் பின்னால் நின்றார்கள். பாட்டியார் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். வீட்டின் ஒரு பகுதி சற்று நேரத்தில் மூன்று வரிசைப் பள்ளிவாசலாகிவிட்டது.

மறைப்பு வேண்டுமா? ஒரு கயிற்றில் ஒரு போர்வை போதும். முன்னால் ஆள் நடமாட்டமா? ஸுத்ரா வையுங்கள். வெட்டவெளியில் தொழும்போது நாயகத்தின் முன் ஒரு சிறு ஈட்டியை நட்டுவைப்பார்கள். நமக்கு ஒரு நாற்காலியோ பயணப் பெட்டியோ போதும். ஓரடி உயரத்திற்குச் சற்று மேல் இருந்தால் சரி. அதற்கப்பால் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். ஒருவர் தொழும் வேளையில் மற்றவர் கைப்பேசியின் சத்தத்தைக் குறைப்பதும், காலை மடக்கிக்கொள்வதும் அன்னை ஆயிஷா (ரலி) காட்டிய ஸுன்னத்தான ஒத்துழைப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கிப்லாவை ஒருமுறை சரிபார்த்து, சுவரில் சிறு அடையாளம் இட்டுவிடுங்கள். நம் பகுதியில் "மேற்கு" என்று பொதுவாகச் சொல்கிறோம். தருமபுரி, ஒகேனக்கல் பகுதியில் கணக்கிட்டால், நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 20 பாகை வடக்கே சாய்ந்து வருகிறது. கருவி எதுவும் இல்லாமல் பார்க்கவும் வழியுண்டு. ஆண்டில் இருமுறை சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் வருகிறது. மே 28 அன்று நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணியளவிலும், ஜூலை 16 அன்று 2.57 மணியளவிலும் அது நிகழும். லீப் ஆண்டுகளில் ஒருநாள் முந்தும். அந்த நேரத்தில் ஒரு குச்சியை நேராக நட்டால், நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசை கிப்லா. மொட்டை மாடியில் பிள்ளைகளோடு நின்று பார்க்கத் தக்க காட்சி அது.

பயணத்தில் அந்த மூலை

வீட்டில் மூலை அமைந்துவிட்டால் வெளியூர்ப் பயணத்திற்கும் அது துணை வரும். பாயைச் சுருட்டினால் மூலையும் கூடவே வந்துவிடுகிறதே! ஒகேனக்கலுக்கே மீண்டும் போவோம்.

பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாகவும் சுத்தம் செய்வதாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நபியவர்களுக்குத் தனிச் சிறப்பாக அருளப்பட்ட ஐந்தில் ஒன்று. ஜாபிர் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். தொழுகை நேரம் எங்கே வந்தடைகிறதோ அங்கேயே தொழலாம் என்பதும் அதில் அடங்கியது. ஆகவே ஒகேனக்கலின் பாறை நமக்கு முஸல்லா. ஆனால் எந்தப் பாறை? குளிப்போர் அரைகுறை உடையில் நிற்கும் துறையன்று. மக்கள் நடந்துபோகும் பாதையன்று. மீன் கழுவும் இடமன்று. பாசி பிடித்து வழுக்கும் ஓரமுமன்று. சற்று மேலே ஏறி, காய்ந்த பாறையிலோ மரத்தடியிலோ பாயை விரியுங்கள். பிறர் வழியை மறித்துத் தொழுவது இபாதத்தில் ஒரு குறை.

ஒளுவுக்குக் காவிரி இருக்கிறது. ஆனால் ஆறு நிறைய ஓடுகிறதே என்று வீணாக்க வேண்டாம். நபியவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் உட்பட்ட நீரில், ஒளுச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாழாகித் தவித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு, 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் போவது இந்த ஆற்று நீர்தான். அதன் அருமையை அவர்களைக் கேட்டால் தெரியும்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் ஒரு சந்தேகம் எழுப்புவதுண்டு. உடலில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஒளு கூடுமா என்பது அது. நீர் தோலைச் சென்றடைகிறவரை வெறும் பசை தடையாகாது. உறைந்த கொழுப்பு, மெழுகு போல் படலமாக நிற்பதுதான் தடை. ஆனால் எண்ணெய் தேய்க்கும்போது ஆண்கள் தொப்புளிலிருந்து முழங்கால்வரை மறைத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோவணத்தோடு படுத்துக்கொண்டு, "மனஅமைதி" என்றால் எப்படி?

பயணத் தூரத்தையும் கவனியுங்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 46 கிலோமீட்டர்தான். அங்கிருந்து போகிறவர் முஸாபிர் ஆகமாட்டார், முழுமையாகவே தொழவேண்டும். பெங்களூர், சென்னைக்காரர்கள் முஸாபிர்கள். நான்கு ரக்அத்தை இரண்டாகக் கஸ்ர் செய்வார்கள். ஹனஃபி உலமாக்கள் 48 மைல், அதாவது ஏறக்குறைய 77 கிலோமீட்டரை எல்லையாகச் சொல்வது வழக்கம். ஷாபிஈ மத்ஹபில் முஸாபிர் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ இடமுண்டு. ஹனஃபியில் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறிடத்தில் இல்லை. தூரக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

பரிசல் ஏறுவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். ஓடும் கப்பலில் உட்கார்ந்து தொழ இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இடம் தந்தார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் தக்க காரணமின்றிக் கூடாது என்றார்கள். அது கடல் கடக்கும் கப்பலின் பேச்சு. நின்றால் கவிழும், நொடிக்கொரு திசை சுழலும் பரிசலில் இன்பத்திற்காக ஏறுகிறவர், தொழுதுவிட்டு ஏறுவதே முறை.

ஒரு சிறு பை தைத்துக்கொள்ளுங்கள். அதில் மெல்லிய பாய், தொப்பி, பெண்களுக்குத் தொழுகைத் துப்பட்டி, மிஸ்வாக்கு, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி, கிப்லா காட்டும் சிறு திசைகாட்டி, ஓதுவதற்கு ஒரு யாஸீன் பிரதி ஆகியவை இருக்கட்டும். தூக்கிச் செல்ல முடியாத கனமாக இருக்காது. அது அலுவலகத்திற்கும் வரும், ஆஸ்பத்திரிக்கும் வரும், ரயிலுக்கும் வரும்.

கூடாரங்கள் பெருகியபோது

இவ்வளவும் சொன்னபின் ஒரு பயமும் நமக்கு இருக்கிறது. இடமில்லை என்பது ஒரு நோய். இடத்தை அலங்கரிப்பதிலேயே நின்றுவிடுவது மற்றொரு நோய். இப்போது வசதியுள்ள வீடுகளில் தொழுகைக்கென்றே தனி அறை கட்டி, சலவைக்கல் பதித்து, வண்ண விளக்குப் போட்டு, வந்தவர்க்கெல்லாம் காட்டுகிறார்கள். காட்டட்டும், ஆனால் சுபுஹு வேளையில் அந்த அறையில் விளக்கு எரிகிறதா?

ரமளானில் நபியவர்கள் இஃதிகாஃப் இருக்க, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பள்ளியில் ஒரு சிறு கூடாரம் அமைத்துத் தருவார்கள். ஒருமுறை அன்னை ஹஃப்ஸா (ரலி) அனுமதி பெற்றுத் தாமும் ஒன்று அமைத்தார்கள். அதைக் கண்டு அன்னை ஸைனப் (ரலி) அவர்களும் ஒன்று அமைத்தார்கள். காலையில் நாயகம் பார்த்தால் பள்ளியில் பல கூடாரங்கள்! நன்மையைத்தான் நாடினார்களா என்று வினவி, அந்த ரமளானில் தம் இஃதிகாஃபையே விட்டுவிட்டு, ஷவ்வாலில் பத்து நாள் இருந்து நிறைவு செய்தார்கள். கூடாரம் தவறல்ல, அவர்களுக்கும் கூடாரம் இருந்தது. கூடாரத்தில் போட்டி நுழைந்ததுதான் தவறு.

ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மூங்கிலைப் பிளந்து பின்னிய கூடை அது. அடியில் விரிப்புப் போர்த்துத் தார் பூசியிருப்பார்கள். ஆற்றில் ஆளைச் சுமக்கும். கரையேறினால் ஆள் அதைத் தலையில் சுமந்துபோவான். அதில் அழகு வேலை எதுவுமில்லை. தார் பூசுவதை விட்டுவிட்டால் மட்டும் அது ஆளைக் கவிழ்த்துவிடும். நம் முஸல்லாவும் அப்படித்தான். நாம் சுருட்டித் தோளில் சுமக்கிறோம். அது நம்மைத் துன்யாவின் வெள்ளத்தில் சுமக்கிறது. அதற்குத் தார் பூசுவது எது? இடைவிடாமை!

பாயை நிறுத்தி அறையாக்கித் தொழுத அந்த ஹதீதின் பிற்பகுதியைக் கேளுங்கள். மக்கள் அதை அறிந்து, நாயகத்தின் பின்னால் இரவில் வந்து கூடத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகியது. அப்போது நபியவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்து, தாங்கக்கூடிய அளவே அமல்களை மேற்கொள்ளுமாறும், சிறிதானாலும் நிலைத்துச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்றும் அறிவுறுத்தினார்கள். அறை எப்படி என்று அவர்கள் பேசவில்லை. நிலைத்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆகவே சகோதர சகோதரிகளே! இன்று இஷாவுக்குப் பின் வீட்டாரை அழைத்து உட்காரவையுங்கள். எந்த மூலை என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அங்கிருக்கும் பழைய பெட்டியை நகர்த்துங்கள். தரையைத் துடையுங்கள். கிப்லாவுக்கு அடையாளம் இடுங்கள். வீட்டிலிருக்கும் பாயில் சுத்தமான ஒன்றை விரியுங்கள், கறுத்திருந்தாலும் பாதகமில்லை. முதல் நாள் இரண்டே ரக்அத். மறுநாளும் இரண்டே ரக்அத். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் பின் ஒருவராக அந்த நான்கடி இடத்தில் நிற்கட்டும். மேன்ஷனில் இருக்கும் வாலிபர் இரு கட்டில்களுக்கு இடையே விரிக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர், இரவுப் பணி முடித்து உறங்கும் தோழரை எழுப்பாமல் மெல்ல விரிக்கட்டும். மீன் வயிற்று இருளிலும் யூனுஸ் நபி (அலை) அவர்களின் தஸ்பீஹைக் கேட்டவன், நம் அறையின் நெருக்கத்திலிருந்து எழும் தஸ்பீஹையும் கேட்பான்.

யா அல்லாஹ்! எங்கள் குறுகிய வீடுகளை உன் நினைவால் விசாலமாக்குவாயாக! எங்கள் நெற்றிகள் படியும் இடங்களை நாளை மறுமையில் எங்களுக்குச் சாட்சியாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளையும் அந்த மூலையில் நிற்பவர்களாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.